செங்கல்பட்டுக் கிருமிகளும் ஒரு மெத்தில் குறியும்

சென்னைக் கடற்கரையிலிருந்து செங்கல்பட்டுக்குப் போகும் மின்சார ரயில் குரோம்பேட்டையைத் தாண்டியதும் நிற்கும் நிலையத்துக்குப் பெயர் தாம்பரம் சானடோரியம். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு இவற்றைத் தவிர காசநோய்க்கு மருந்தே இல்லாத காலத்தில், 1928இல், டாக்டர் டேவிட் சௌரி முத்து அங்கே ஒரு மருத்துவமனையை நிறுவினார். இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. ரயில் போய்ச் சேரும் செங்கல்பட்டு ஊருக்கு அருகே திருமணி. அங்கே 1924இல் தொழுநோயாளிகளுக்காக லேடி வில்லிங்டன் மருத்துவ இல்லம் தொடங்கியது. 1955இல் மத்திய அரசு அதை ஏற்றுக்கொண்டு மத்திய தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிறுவனமாக்கியது. டாக்டர் ராபர்ட் காக்ரேன் பணிபுரிந்த இடம் அது. 1947இல் அவர் அழைப்பின் பேரில் செங்கல்பட்டுக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், மடங்கிப்போன கைகளைக் கண்டு, அவற்றை மீட்கும் அறுவை சிகிச்சையைத் தன் வாழ்நாள் பணியாக எடுத்துக்கொண்டார்.

காசநோயும் தொழுநோயும் மைக்கோபாக்டீரியம் என்னும் ஒரே குடும்பத்தின் வேலை. தொழுநோய்க் கிருமியை 1873இல் நார்வேயில் ஹான்சன் கண்டார். காசநோய்க் கிருமியை 1882இல் ஜெர்மனியில் ராபர்ட் காக் கண்டார். இரண்டுக்கும் மெழுகுபோன்ற தடித்த மேலுறை உண்டு. இரண்டும் மிக மெதுவாகப் பெருகும். இரண்டும் நம்மைக் காக்க வேண்டிய வெள்ளணுக்களுக்குள்ளேயே குடியேறும். ஆனாலும் கிளாரித்ரோமைசின் என்ற மருந்தைக் கொடுத்தால் தொழுநோய்க் கிருமி சாகிறது, காசநோய்க் கிருமி பிழைத்துக்கொள்கிறது.

இந்த வேறுபாட்டின் வேர் ஒரு புரதத்தில் இருக்கிறது. அது ஆர்.என்.ஏ.வின் ஓர் எழுத்தின் மேல் ஒரு சிறு வேதிக் குறியை ஒட்டும் புரதம். காசநோயையும் தொழுநோயையும் பி.சி.ஜி. தடுப்பூசியையும் இந்த மாவட்டத்தைப் போல நெருக்கமாக அறிந்த இடங்கள் உலகில் குறைவு. ஆகவே அந்தப் புரதத்தின் கதையை இங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன்

உயிரணு ஒவ்வொன்றிலும் புரதம் தயாராகும் இடம் ரைபோசோம். டி.என்.ஏ.விலிருந்து படியெடுத்து வரும் செய்தியைப் படித்து, அமினோ அமிலங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோப்பது அதன் வேலை. அதற்குப் பெரிய துண்டு ஒன்று, சிறிய துண்டு ஒன்று. புரதங்களும் அதில் இருந்தாலும், செய்தியைப் படிப்பதும் அமினோ அமிலங்களை இணைப்பதும் ரைபோசோமில் இருக்கும் ஆர்.என்.ஏ.தான். சிறிய துண்டின் அணு அமைப்பை 2000ஆம் ஆண்டில் வெளிப்படுத்தியவர்களில் முதன்மையானவர் சிதம்பரத்தில் 1952இல் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். ஸ்ட்ரெப்டோமைசின் உள்ளிட்ட மருந்துகள் அந்தத் துண்டில் எங்கே போய் உட்காருகின்றன என்பதையும் அவர் குழு காட்டியது. தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் ஆகியோருடன் அவர் 2009இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ரைபோசோமின் ஆர்.என்.ஏ. படியெடுக்கப்பட்டதும் அப்படியே வேலைக்கு வந்துவிடுவதில்லை. சில நொதிகள் வந்து, அதன் குறிப்பிட்ட எழுத்துகளில் சிறு மாற்றங்களைச் செய்கின்றன. அவற்றில் மிகச் சாதாரணமானது மெத்தில் சேர்ப்பது. மெத்தில் என்றால் ஒரு கார்பன் அணுவும் அதைச் சுற்றி மூன்று ஹைட்ரஜன் அணுக்களும் மட்டுமே. நம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவின் ரைபோசோம் ஆர்.என்.ஏ.வில் இப்படி மாற்றம் பெற்ற எழுத்துகள் 36.

எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், அசித்ரோமைசின் ஆகியவை மேக்ரோலைடு என்னும் ஒரே மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ரைபோசோமின் பெரிய துண்டில், புதிதாக உருவாகும் புரதச் சங்கிலி வெளியேறும் குகைப்பாதை ஒன்று உண்டு. மேக்ரோலைடு அந்தப் பாதையின் தொடக்கத்தில் உட்கார்ந்து, சங்கிலியை நகரவிடாமல் செய்யும். அங்கே அது பற்றிக்கொள்ளும் முக்கியமான எழுத்து ஓர் அடினின். ஈ.கோலையின் கணக்கில் அதன் எண் 2058. அந்த அடினினின் நைட்ரஜன் ஒன்றில் மெத்தில் ஏறிவிட்டால் மருந்துக்கு இடமில்லை. பூட்டின் துளைக்குள் ஒரு நெல்மணி விழுந்தால் சாவி நுழையாது, ஆனால் கதவும் பூட்டும் பழுதின்றி அப்படியே இருக்கும். அதுபோல ரைபோசோம் தன் வேலையைத் தொடர்ந்து செய்கிறது, மருந்து மட்டும் வெளியே நிற்கிறது.

இந்த மெத்திலை ஒட்டும் புரதக் குடும்பத்துக்கு எர்ம் என்று பெயர். 1971இல் அமெரிக்காவில் பெர்னார்ட் வைஸ்ப்ளமும் லாய் என்ற ஆய்வாளரும், எரித்ரோமைசினுக்கு அடங்காத ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமிகளின் ரைபோசோம் ஆர்.என்.ஏ.வில் மெத்தில் ஏறிய அடினின் இருப்பதைக் கண்டார்கள். இதன் பூர்வீகம் மண். எரித்ரோமைசினைத் தயாரிப்பதே மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாதான். தான் சுரக்கும் நஞ்சு தன் ரைபோசோமையே முடக்கிவிடாதபடி, அது முன்கூட்டியே தன் ஆர்.என்.ஏ.வில் மெத்தில் குறியை ஒட்டிக்கொள்கிறது. தற்காப்புக்காகத் தோன்றிய இந்தப் புரதம் பிறகு பல கிருமிகளிடமும் பரவிக் கிடக்கிறது.

காசநோய்க் கிருமியின் எர்ம் 37

காசநோய்க் கிருமியின் மரபணுத் தொகுதி 1998இல் முழுமையாகப் படிக்கப்பட்டது. சுமார் 44 லட்சம் எழுத்துகள், ஏறத்தாழ 4,000 மரபணுக்கள். அவற்றில் ஆர்வி 1988 என்று எண்ணிடப்பட்ட மரபணு எர்ம் குடும்பத்தைச் சேர்ந்தது. மேக்ரோலைடு மருந்துகள் காசநோய்க் கிருமியிடம் பலிக்காததற்கு அதன் மெழுகு உறைதான் காரணம் என்று அதுவரை கருதப்பட்டு வந்தது. அந்த எண்ணத்தை 2004இல் வெளியான ஓர் ஆய்வு திருத்தியது. எர்ம் 37 என்று பெயரிடப்பட்ட இந்தப் புரதம் ரைபோசோமில் குறி ஒட்டுவதே முக்கியக் காரணம்.

அடுத்த ஆண்டில் டென்மார்க்கின் ஸ்டீபன் டௌத்வெய்ட்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் அந்தக் குறியைக் கூர்ந்து பார்த்தார்கள். மற்ற எர்ம் புரதங்கள் 2058ஆம் எழுத்தில் மட்டும் துல்லியமாக மெத்தில் ஒட்டும். எர்ம் 37 அங்கே நிலைகொள்ளாமல் வழுக்குகிறது: 2058இல் ஒட்டுகிறது, அதன் இரு பக்கத்து 2057, 2059 எழுத்துகளிலும் ஒட்டிவிடுகிறது. மற்ற எர்ம் புரதங்களுக்கு இருக்கும் வால்பகுதி இதற்குக் குறைவு. உருவில் குட்டையான, கை வழுக்குகிற இந்தப் புரதம் காசநோய்க் கிருமியைக் காக்கப் போதுமானதாக இருக்கிறது.

அது எப்போதும் முழு வேகத்தில் வேலை செய்வதும் இல்லை. மருந்து உள்ளே வந்ததை உணர்ந்து, விப்-பி-7 என்ற இன்னொரு புரதம் எர்ம் 37 மரபணுவை முடுக்கிவிடுகிறது. ஆபத்து வந்த பிறகு தயாராகும் காப்பு இது.

இதன் விளைவு நம் தெருமுனை மருந்துக் கடை வரைக்கும் வருகிறது. இருமல் என்று போய் நின்றால் அசித்ரோமைசின் மாத்திரை பலருக்கும் எளிதாகக் கிடைத்துவிடுகிறது. சாதாரண பாக்டீரியாத் தொற்றாக இருந்தால் அது உதவலாம். காசநோயாக இருந்தால் எர்ம் 37 அந்த மாத்திரையை வீணாக்கிவிடும். நோயாளி இன்னொரு வாரம் காத்திருப்பார், வேறொரு மாத்திரை வாங்குவார். அதற்குள் வீட்டில் உள்ளவர்களுக்கும் கிருமி பரவ வாய்ப்பு உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை என்று அரசு மருத்துவமனைச் சுவர்களில் எழுதியிருப்பதை அலட்சியமாகக் கடந்துவிடக் கூடாது என்பதற்கு, மூலக்கூறு அளவில் இதைவிடத் தெளிவான காரணம் வேண்டியதில்லை.

தொழுநோய்க் கிருமியின் கதை நேர் எதிரானது. 2001இல் அதன் மரபணுத் தொகுதியைப் படித்தபோது, சுமார் 1,600 மரபணுக்களே புரதம் தருபவையாக இருந்தன. 1,100க்கும் மேற்பட்டவை சிதைந்து செயலற்றுக் கிடந்தன. மனித உடலுக்குள்ளேயே வாழப் பழகிய அந்தக் கிருமி, தனக்குத் தேவைப்படாத எத்தனையோ கருவிகளை இழந்துவிட்டது. மேக்ரோலைடுக்கு எதிரான காப்பும் அதனிடம் இல்லை. அதனால்தான் ரிஃபாம்பிசினுக்கு அடங்காத தொழுநோய்க்கு மாற்று மருந்துகளில் ஒன்றாக கிளாரித்ரோமைசினை உலக சுகாதார நிறுவனம் 2018 வழிகாட்டுதலில் சேர்த்தது.

இரண்டு லட்சத்து எண்பதாயிரம் கைகள்

பி.சி.ஜி. தடுப்பூசியும் ஓர் உயிருள்ள மைக்கோபாக்டீரியம்தான். பிரான்சில் லீல் நகரில் கால்மெட், கெரென் என்ற இருவர் மாட்டுக் காசநோய்க் கிருமியை 1908 முதல் 13 ஆண்டுகள், 230 முறை புதிய ஊட்டத்துக்கு மாற்றி மாற்றி வளர்த்து, அதன் வீரியத்தைக் குறைத்தார்கள். 1921இல் முதல் குழந்தைக்கு அது கொடுக்கப்பட்டது. பிறகு உலகின் பல ஆய்வகங்கள் அதை வாங்கி வளர்த்தன. உறைய வைத்துப் பாதுகாக்கும் முறை அப்போது இல்லை. ஆகவே ஒவ்வொரு ஊரிலும் அது தன்போக்கில் சிறிது சிறிதாக மாறியது.

இங்கிலாந்தில் 1950களில் நடந்த ஆய்வில் பி.சி.ஜி. முக்கால் பங்குக்கு மேல் பாதுகாப்புத் தந்தது. மற்றச் சில நாடுகளில் அவ்வளவு தரவில்லை. கேள்விக்கு ஒரு முடிவு காண இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உலக சுகாதார நிறுவனமும் மற்ற அமைப்புகளும் சேர்ந்து 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் மாபெரும் சோதனையைத் தொடங்கின. அன்றைய செங்கல்பட்டு மாவட்டம் இன்றையதைவிட மிகப் பெரியது. சோதனை நடந்த 209 ஊராட்சிகளும் அவற்றோடு சேர்ந்த திருவள்ளூர் நகரமும் இருந்த வடமேற்குப் பகுதி இப்போது பெரும்பாலும் வேறு மாவட்டத்தில் இருக்கிறது.

அந்தச் சோதனை நடந்த விதத்தைச் சற்று அருகில் நின்று பார்க்க வேண்டும். ஒரு குடும்பத்தையும் விடாமல் வீடுவீடாகப் பெயர் எழுதினார்கள். ஒரு வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கையில் தோலுக்குள் இரண்டு ஊசி: ஒன்று காசநோய்க் கிருமியின் சத்து, மற்றொன்று சுற்றுச்சூழல் மைக்கோபாக்டீரியத்தின் சத்து. மூன்றாம் நாள் திரும்பி வந்து, தோல் தடித்திருக்கும் அகலத்தை மில்லிமீட்டரில் அளந்து அட்டையில் எழுதினார்கள். பத்து வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு எக்ஸ்ரே. படத்தில் நிழல் தெரிந்தால் சளிப் பரிசோதனை. பிறகு பி.சி.ஜி.யோ வெறும் கரைசலோ, யாருக்கு எது என்று போடுபவருக்கும் தெரியாது, போட்டுக்கொள்பவருக்கும் தெரியாது. 1971க்குள் சுமார் 2 லட்சத்து 80 ஆயிரம் பேர் அந்த ஊசிக்குக் கை நீட்டினார்கள். இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை மீண்டும் எல்லா ஊர்களிலும் கணக்கெடுப்பு.

1979இல் ஏழரை ஆண்டு முடிவு வெளியானது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுக்கவில்லை. 1999இல் வெளியான 15 ஆண்டு அறிக்கையும் அதையே உறுதிசெய்தது. குழந்தைகளிடம் மட்டும் சிறிதளவு பாதுகாப்புத் தெரிந்தது. உலகமே அதிர்ந்த முடிவு அது. மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான காசநோய் வகைகளிலிருந்து குழந்தைகளைக் காப்பதால்தான் பி.சி.ஜி. இன்றும் பிறந்த குழந்தைக்குப் போடப்படுகிறது.

அந்தச் சோதனையில் பயன்பட்டவை இரண்டு வகைகள்: பாரிஸிலிருந்து வந்த பாஸ்டர் வகை, கோபன்ஹேகனிலிருந்து வந்த டேனிஷ் வகை. இவை இரண்டும் பின்னாளில் பிரிந்த வகைகள். 1927க்கும் 1931க்கும் இடையில், பாரிஸ் ஆய்வகத்தில் வளர்ந்த பி.சி.ஜி.யின் மரபணுத் தொகுதியிலிருந்து ஒரு துண்டு உதிர்ந்துபோயிற்று. இரண்டாம் இழப்புப் பகுதி என்று அதைச் சொல்வார்கள். அந்தத் துண்டில் இருந்த மரபணுக்களில் ஒன்று எர்ம் 37. அதற்கு முன்பே ஜப்பானுக்கும் ரஷ்யாவுக்கும் போய்ச் சேர்ந்த வகைகளில் அந்தத் துண்டு இன்னும் இருக்கிறது. சென்னை கிண்டியில் 1948இல் தொடங்கிய பி.சி.ஜி. ஆய்வகம் தயாரித்துவந்தது டேனிஷ் 1331 வகை. ஆக, இந்தப் பக்கத்தில் பலருடைய இடது தோளில் இருக்கும் தழும்பு, எர்ம் 37 இல்லாத ஒரு கிருமியால் வந்தது.

சோதனை தோற்றதற்கு இதுதான் காரணம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. பி.சி.ஜி. இழந்த மரபணுக்கள் பல. அதை முதலில் சாதுவாக்கியது வேறொரு துண்டின் இழப்பு. செங்கல்பட்டு முடிவுக்கு ஆய்வாளர்கள் பெரிதும் சுட்டும் காரணம் சுற்றுச்சூழல். ஏரித் தண்ணீரிலும் வயல் மண்ணிலும் வாழும் மைக்கோபாக்டீரியங்கள் சிறு வயதிலேயே மக்களின் உடலுக்குப் பழகிவிடுகின்றன. இரண்டாவது தோல் ஊசிக்கு ஊரில் பெரும்பாலோரின் கை தடித்ததே அதற்குச் சாட்சி. உடல் ஏற்கெனவே ஒரு பாடத்தைக் கற்றுவிட்டிருந்தால், தடுப்பூசி புதிதாகக் கற்றுத்தர அதிகம் இல்லை. எர்ம் 37 இங்கே வேறொரு பாடத்தைத் தருகிறது. அந்த மரபணுவை இழந்த பாஸ்டர் வகை பி.சி.ஜி. மேக்ரோலைடு மருந்துக்கு அடங்கிவிடுகிறது. இயற்கையே செய்துவைத்த இந்தச் சோதனைதான், காசநோய்க் கிருமியின் பிடிவாதத்துக்கு அந்தப் புரதமே பொறுப்பு என்பதை நிரூபிக்க உதவியது.

ஆர்.என்.ஏ.வை விட்டு நம் டி.என்.ஏ.வுக்கு

2015இல் ஹைதராபாத் டி.என்.ஏ. ரேகை, நோயறிதல் மையத்தில் சஞ்சீவ் கோஸ்லாவின் ஆய்வுக்குழு, இதே ஆர்வி 1988 புரதத்தைப் பற்றி எதிர்பாராத ஒன்றை வெளியிட்டது. காசநோய்க் கிருமி இந்தப் புரதத்தைத் தனக்குள் மட்டும் வைத்துக்கொள்வதில்லை, வெளியேயும் சுரக்கிறது. வெள்ளணுவுக்குள் குடியேறிய கிருமியிலிருந்து புறப்படும் அது, வெள்ளணுவின் உட்கருவுக்கே போய்ச் சேர்கிறது.

நம் டி.என்.ஏ. ஹிஸ்டோன் என்ற புரத உருளைகளைச் சுற்றிக்கொண்டு கிடக்கிறது. எந்த மரபணு திறக்க வேண்டும், எது மூட வேண்டும் என்பதை அந்த ஹிஸ்டோன்கள் மேல் ஒட்டப்படும் குறிகள் தீர்மானிக்கின்றன. வழக்கமாக அந்தக் குறிகள் ஹிஸ்டோனின் நீண்ட வால்பகுதியில்தான் இருக்கும். ஆர்வி 1988 வாலைத் தொடுவதில்லை. மூன்றாம் ஹிஸ்டோனின் 42ஆம் அமினோ அமிலமான ஆர்ஜினினில், டி.என்.ஏ. உருளைக்குள் நுழையும் வாசலில், மெத்திலை ஒட்டுகிறது. கிருமி வந்தவுடன் முதலில் எதிர்த்து நிற்க வேண்டிய மரபணுக்கள் அதனால் அடங்கிவிடுகின்றன. இந்தப் புரதத்தை நீக்கிய காசநோய்க் கிருமி உடலில் பிழைக்கத் திணறியது. நோய் உண்டாக்காத வேறொரு மைக்கோபாக்டீரியத்துக்கு இந்தப் புரதத்தைக் கொடுத்தபோது, அது தொற்றிய எலிகளின் உடல்நலம் கெட்டது.

தன் ரைபோசோமில் குறி ஒட்டினால் மருந்திலிருந்து தப்பலாம், நம் ஹிஸ்டோனில் குறி ஒட்டினால் நம் எதிர்ப்பிலிருந்து தப்பலாம். செய்யும் வேதிவேலை ஒன்றே. எங்கே செய்கிறது என்பதுதான் வேறு. இந்தக் கண்டுபிடிப்பு இந்திய ஆய்வகம் ஒன்றிலிருந்து வந்தது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. காசநோயாளிகளில் உலகில் நான்கில் ஒருவர் இந்தியர். அந்தக் கிருமியின் உள்மர்மங்களைத் தேடுவது நம் சொந்த வேலை.

பதினான்கு நாள் தட்டு

எர்ம் குடும்பத்தின் இன்னொரு கிளை சுற்றுச்சூழல் மைக்கோபாக்டீரியம் ஒன்றிடம் இருக்கிறது. மைக்கோபாக்டீரியம் அப்செசஸ் என்ற அது, சுத்தம் செய்யப்படாத கருவிகள் வழியாக அறுவைப் புண்களிலும், பலவீனமான நுரையீரலிலும் புகுந்து ஆறாத நோயைத் தருகிறது. அதன் எர்ம் 41 மரபணுவை 2009இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள்.

ஆய்வகத்தில் அந்தக் கிருமியை கிளாரித்ரோமைசினுடன் வளர்த்துப் பார்க்கிறார்கள். மூன்றாம் நாள் தட்டைப் பார்த்தால் வளர்ச்சி இல்லை. மருந்து கேட்கிறது என்று எழுதிவிடலாம். அதே தட்டைப் பதினான்காம் நாள் வரை வைத்திருந்தால் கிருமி தலைதூக்கிவிடுகிறது. மருந்தைக் கண்டபிறகு எர்ம் 41 விழித்துக்கொண்டு, ரைபோசோம்களில் ஒவ்வொன்றாக மெத்தில் ஒட்டியதுதான் நடந்தது. மூன்றாம் நாள் முடிவை நம்பித் தொடங்கிய சிகிச்சை தோற்றுவிடும். அதே கிருமிகளில் சிலவற்றில் எர்ம் 41இன் 28ஆம் எழுத்து மட்டும் மாறியிருக்கும். அதோடு புரதம் செயலிழந்துவிடும், மருந்து பலிக்கும். மசிலியென்ஸ் என்ற உறவுக்கிருமியில் அந்த மரபணுவின் பெரும்பகுதியே இல்லை. அதுவும் மருந்துக்கு அடங்கும். ஒரு நோயாளிக்கு எந்தச் சிகிச்சை என்பதை இப்போது மருத்துவர் ஆர்.என்.ஏ. மாற்றும் ஒரு புரதத்தின் நிலையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

குறி இல்லாததும் ஆபத்து

இதுவரை சொன்னவற்றில் மெத்தில் ஒட்டினால் மருந்து தோற்றது. ஒட்டாவிட்டாலும் மருந்து தோற்கலாம். பல மருந்துகளுக்கு அடங்காத காசநோய்க்குப் பல ஆண்டுகள் கேப்ரியோமைசின் என்ற ஊசி மருந்து பயன்பட்டது. அது ரைபோசோமின் இரு துண்டுகளும் சேரும் இடத்தில் பற்றிக்கொள்ளும். பற்றுவதற்கு இரண்டு துண்டுகளிலும் ஒவ்வோர் எழுத்தில் மெத்தில் இருந்தாக வேண்டும். அந்த இரண்டையும் ஒட்டுவது டி-லை-ஏ என்ற ஒரே புரதம். அதன் மரபணு கெட்டுப்போன காசநோய்க் கிருமிகள் கேப்ரியோமைசினைத் தாங்கி நிற்பதை 2005இல் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மைய ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

காசநோய்க்கு மனிதன் கண்ட முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசினுக்கும் இப்படி ஒரு துணைப் புரதம் உண்டு. ஜிட்-பி என்ற புரதம் சிறிய துண்டின் ஆர்.என்.ஏ.வில் ஒட்டும் மெத்தில் இல்லாவிட்டால், அந்த மருந்தின் பிடி தளர்கிறது. கிருமிக்கு இங்கே எந்தப் புதுக் கருவியும் தேவையில்லை. தன்னிடம் இருப்பதை இழந்தாலே போதும். மருந்து எதிர்ப்பு இவ்வளவு எளிதாக வந்துவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். சிகிச்சையை நடுவில் நிறுத்தக் கூடாது, பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று காசநோய் மருத்துவர்கள் விடாமல் வற்புறுத்துவதற்குப் பின்னால் இருக்கும் கணக்கும் இதுதான்.

நம் உடலில் இருக்கும் உறவினர்

பாலாற்றுப் படுகையின் நெல் வயல்களுக்கும் இதில் பங்கு உண்டு. நெற்பயிரின் குலைநோய்க்குத் தெளிக்கப்படும் மருந்துகளில் ஒன்று காசுகாமைசின், 1960களில் ஜப்பானில் கண்டறியப்பட்டது. அது பாக்டீரியாவின் ரைபோசோமையும் முடக்கும். அதற்கு அடங்காத ஈ.கோலை பாக்டீரியாக்களை 1970களின் தொடக்கத்தில் ஆராய்ந்தபோது, அவற்றின் சிறிய துண்டில் அருகருகே இருக்கும் இரண்டு அடினின்களில் மெத்தில் இல்லாதது தெரிந்தது. அங்கே மெத்தில் ஒட்டும் கே-எஸ்-ஜி-ஏ என்ற புரதத்தை அந்தப் பாக்டீரியாக்கள் இழந்திருந்தன. எர்ம் புரதங்களும் கே-எஸ்-ஜி-ஏ-வும் ஒரே மூதாதையிலிருந்து வந்த உறவினர்கள்.

மூன்றாவது உறவினர் நமக்குள் இருக்கிறார். நம் உயிரணுக்களுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா, ஆதியில் தனித்து வாழ்ந்த பாக்டீரியாவிலிருந்து வந்தது. அதற்கென்று தனி ரைபோசோம் இன்றும் உண்டு. அது பாக்டீரியாவின் ரைபோசோமை ஒத்திருப்பதால்தான், அதன் ஆர்.என்.ஏ.வில் ஒரு குறிப்பிட்ட எழுத்து மாறியிருப்பவர்களுக்கு ஸ்ட்ரெப்டோமைசின் வகை ஊசி காது கேட்கும் திறனையே பறித்துவிடுகிறது. அந்த ரைபோசோமில் மெத்தில் ஒட்டுவது டி-எஃப்-பி-1-எம் என்ற மனிதப் புரதம். கே-எஸ்-ஜி-ஏ இல்லாத ஈ.கோலையில் இந்த மனிதப் புரதத்தைச் செலுத்தினால், அது அங்கேயும் சரியான அதே அடினின்களைத் தேடிப்பிடித்து மெத்திலை ஒட்டுகிறது. நூறு கோடி ஆண்டுகளுக்கு மேல் பிரிந்து வாழ்ந்த பிறகும் வேலை மறக்கவில்லை.

இந்தப் புரதம் இல்லாத எலிக்கரு பிறக்கும் முன்பே இறந்துவிடுகிறது. எலியின் இதயத்தில் மட்டும் நீக்கினால் இதயத் தசை நலிகிறது. குறி இல்லாமல் மைட்டோகாண்ட்ரியாவின் சிறிய துண்டு நிலைத்து நிற்பதில்லை. 2011இல் சுவீடன் ஆய்வாளர்கள் இந்த மரபணுவின் ஒரு வகை உள்ளவர்களுக்கு இன்சுலின் சுரப்பு குறைவதையும், சர்க்கரை நோய்க்கான வாய்ப்பு கூடுவதையும் கண்டார்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. கிருமியின் உடலில் மருந்தை விரட்டும் புரதமும், நம் உடலில் உயிரைத் தாங்கும் புரதமும் ஒரே குடும்பம். எந்த உயிரில், எந்த எழுத்தில், எந்த நேரத்தில் ஒட்டுகிறது என்பதைப் பொறுத்து அதே மெத்தில் நலமாகவும் நோயாகவும் ஆகிறது.

அறிந்த பிறகு செய்ய வேண்டியது

குறியின் இடம் துல்லியமாகத் தெரிந்துவிட்டால், அந்தக் குறியை மீறியும் பற்றிக்கொள்ளும் மருந்தை வடிவமைக்கலாம். அந்த முயற்சி இப்போது பலன் தரத் தொடங்கியிருக்கிறது. மண் பாக்டீரியா ஒன்றிலிருந்து கிடைத்த செக்வானமைசின் என்ற மேக்ரோலைடை ஆய்வாளர்கள் திருத்தி அமைத்து, 2023இல் முடிவை வெளியிட்டார்கள். எர்ம் 37 மெத்தில் ஒட்டிய பிறகும் அது ரைபோசோமில் இடம்பிடிக்கிறது. காசநோய் கண்ட எலிகளில் வாய்வழியாகக் கொடுத்தே வேலை செய்கிறது. மனிதர்களுக்கு மருந்தாக வர இன்னும் பல படிகள் உண்டு. ஆனாலும் எழுபது ஆண்டுகளாகக் காசநோய்க்கு உதவாது என்று ஒதுக்கப்பட்டிருந்த மருந்துக் குடும்பத்துக்கு ஒரு வழி திறந்திருக்கிறது.

வழி திறந்தது ஒரே நாளில் இல்லை. மண் பாக்டீரியாவைப் படித்தவர், அடினினைத் தேடியவர், மரபணு எழுத்துகளை எண்ணியவர், ஊர் ஊராகப் போய் மில்லிமீட்டர் அளந்தவர் என்று தனித்தனியாக உழைத்த அனைவரின் பங்கும் அதில் இருக்கிறது. அவர்களில் பலருக்கு மற்றவர்களைத் தெரியாது. பெரிய களச்சோதனை ஒரு மருந்து பலிக்கிறதா இல்லையா என்பதைச் சொல்லும். ஏன் என்பதை மூலக்கூறு ஆய்வுதான் சொல்லும். ஒன்று இல்லாமல் மற்றொன்று ஊமையாகிவிடும். காசநோய் ஒழிப்புக்கு நாம் ஒதுக்கும் பணத்தில் இந்த இரண்டுக்கும் இடம் இருக்க வேண்டும். சளி மாதிரியில் எர்ம், டி-லை-ஏ, ஜிட்-பி மரபணுக்களின் நிலையைப் பார்த்துச் சொல்லும் வசதி, பெரிய நகரத்து ஆய்வகத்தோடு நிற்காமல் மாவட்ட மருத்துவமனைக்கும் வர வேண்டும். ஒரு தடுப்பூசி பலிக்கிறதா என்று உலகம் அறிந்துகொள்வதற்காக இரண்டு லட்சத்து எண்பதாயிரம் பேர் கை நீட்டிய மண் இது. அந்த அறிவிலிருந்து பிறக்கும் மருந்தும் பரிசோதனையும் முதலில் வந்து சேர வேண்டிய இடங்களில் ஒன்று என்று கேட்கும் உரிமை இந்த மக்களுக்கு உண்டு.